அப்பாவுக்கு எதிரே இருந்த மேசை

நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"எனக்கு 26 வயது. சொந்த ஊர் யாழ்ப்பாணம் பக்கம். அப்பா 2007இல் தனியாக அமெரிக்கா வந்தார். 2010இல் இமிக்ரேஷன் கோர்ட்டில் அசைலம் (அகதித் தஞ்சம்) கிடைத்தது. அடுத்த ஆண்டே அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். இப்போது எல்லோரும் சிட்டிசன். நான் சட்டக் கல்லூரியில் கடைசி ஆண்டு. வாஷிங்டனில் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்டின் இமிக்ரேஷன் வழக்குப் பிரிவில் 'ட்ரயல் அட்டர்னி' வேலை வந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது, 'எங்களைத் திருப்பி அனுப்ப நிண்டவையின்ர மேசையில நீ போய் இருக்கப் போறியோ, பிள்ளை?' என்று கேட்டார். அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வேலையில் மனச்சாட்சியோடு இருக்க முடியுமா? தமிழர்களின் வழக்கே என்னிடம் வந்தால் என்ன செய்வது? இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்."

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அப்பாவின் மௌனம் எனக்குப் புரிகிறது. தன் உயிருக்காகக் கோர்ட்டில் பேசிய ஒருவருக்கு எதிர்மேசை கடைசிவரை மறக்காது. நீங்கள் சொல்லும் அதே பிரிவில் 2008 முதல் 2022 வரை 14 ஆண்டுகள் அரசு வக்கீலாக இருந்தேன். இப்போது நாடுகடத்தல் உத்தரவு வாங்கியவர்களுக்காக வாதாடுகிறேன். அதனால் அவர் கேள்விக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். 2010இல் நீதிபதி தீர்ப்பைச் சொல்லி முடித்ததும் என்ன நடந்தது? வழக்கமாக நடப்பது இது: நீதிபதி இரண்டு மேசைகளையும் பார்த்து, "மேல்முறையீட்டு உரிமையை வைத்துக்கொள்கிறீர்களா, விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்பார். உங்கள் அப்பா ஜெயித்துவிட்டார். ஆகவே அந்தக் கேள்வி எதிர்மேசைக்கு. அரசு வக்கீல் நினைத்திருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு போட்டு, கேஸை வர்ஜீனியா மாநிலம் ஃபால்ஸ் சர்ச்சில் உள்ள மேல்முறையீட்டு வாரியத்துக்கு இழுத்திருக்கலாம். அங்கே ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு சாதாரணமாகப் போகும். தீர்ப்பு இறுதியாகாத வரை அம்மாவையும் உங்களையும் கூப்பிட முடியாது. நீங்கள் அடுத்த ஆண்டே வந்து சேர்ந்தீர்கள் என்றால், அந்த மேசையில் இருந்தவர் அன்றைக்கே "வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த 30 நாளைச் சும்மா விட்டிருக்க வேண்டும். உங்களை யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கொண்டுவந்ததில் பெயர் தெரியாத அந்த வக்கீலுக்கும் ஒரு பங்கு உண்டு. இது அப்பாவின் வலிக்குச் சமாதானம் ஆகாது. ஆனால் அந்த வேலையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தவர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வக்கீல். இமிக்ரேஷன் கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது அவர்கள் வேலை. உங்களுக்கு வந்திருப்பது அதற்கு மேலே உள்ள படி. வாரியத்திலும் தோற்றவர் 30 நாளுக்குள் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே அரசுக்காக நிற்பது உங்கள் பிரிவு. மாவட்ட நீதிமன்றங்களில் வரும் ஆட்கொணர்வு மனுக்கள், சிட்டிசன்ஷிப் மறுக்கப்பட்டவர்களின் வழக்குகள், மொத்தமாகப் போடும் வழக்குகள் ஆகியவையும் அங்கேதான் வரும். பதவியின் பெயர் ட்ரயல் அட்டர்னி என்றாலும், மேல்முறையீட்டுப் பக்கம் போனால் சாட்சிக் கூண்டைப் பார்க்கவே மாட்டீர்கள். நான் பார்த்ததெல்லாம் காகிதம்தான்.

ஒரு கேஸ் என்றால் ஒரு ஆவணத் தொகுப்பு. 400 பக்கம் இருக்கலாம், 1,500 பக்கமும் இருக்கலாம். முதல் நோட்டீஸ், அசைலம் படிவம், ஊரிலிருந்து வந்த கடிதங்களும் அவற்றின் மொழிபெயர்ப்பும், விசாரணையின் எழுத்துப்படி, நீதிபதி வாய்மொழியாகச் சொன்ன தீர்ப்பு, வாரியத்தின் இரண்டு பக்க உத்தரவு. இதற்கு வெளியே ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட நீங்களும் கொண்டுவர முடியாது, எதிர்த்தரப்பும் முடியாது. அவர்கள் பிரீஃப் (எழுத்து வடிவ வாதம்) வந்ததும் உங்களுக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடும். சட்டமும் உங்கள் பக்கம் சாய்ந்தே இருக்கிறது. நியாயமாகச் சிந்திக்கும் எவரும் வேறு முடிவுக்கு வந்தே தீர வேண்டும் என்ற நிலை இருந்தால் ஒழிய, கீழே கண்ட உண்மைகளை மேல் நீதிமன்றம் தொடக்கூடாது. அதனால் பெரும்பாலான கேஸ்களில் அரசு ஜெயிக்கும். புதிதாக வருபவர்கள் இதைத் தங்கள் திறமை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் அரசுக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது. 1943இல் வந்த செனரி தீர்ப்பின்படி, ஓர் அரசு அமைப்பு எந்தக் காரணத்தைச் சொல்லி முடிவெடுத்ததோ, அதே காரணத்தை வைத்துத்தான் அந்த முடிவைக் காப்பாற்ற வேண்டும். வாரியம் சொல்லாத நல்ல காரணம் உங்களுக்குத் தோன்றினாலும் அதை எழுத முடியாது. சொன்ன காரணம் ஓட்டை என்றால் செய்யக்கூடியது ஒன்றுதான். நீதிமன்றத்திடம் நீங்களே போய், "இதை வாரியத்துக்குத் திருப்பி அனுப்புங்கள், மறுபடி பார்க்கட்டும்" என்று கேட்க வேண்டும். நாங்கள் இதை ரிமாண்ட் என்போம். நான் எழுதிய நூற்றுக்கணக்கான பிரீஃப்களில் எதுவும் இன்று வரிக்கு வரி நினைவில் இல்லை. கேட்டு வாங்கிய ரிமாண்டுகள் ஒவ்வொன்றும் நினைவிருக்கின்றன.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். 2014 வாக்கில், கிளிநொச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவரின் கேஸ். 600 பக்கத்துக்கு மேல். அவர் சாட்சியத்தின் எழுத்துப்படியில் "என் சகோதரனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு என்னைத் தேடி வந்தார்கள்" என்று இருக்கிறது. படிவத்தில் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் இரண்டு தங்கைகள் மட்டும். சகோதரன் இல்லை. கீழே அரசு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குச் சகோதரனே இல்லையே?" அவர், "இருக்கிறார்" என்கிறார். "அப்படியென்றால் படிவம் பொய்யா?" அதற்கும் "இல்லை" என்கிறார். அடுத்த பக்கம் முழுக்க இந்த இழுபறிதான். 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், முரண்பாடு கதையின் மையத்தில் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஏதோ ஒரு முரண்பாடு போதும். நீதிபதி நம்பிக்கைக்குரியவர் அல்லர் என்று எழுதிவிட்டார். வாரியமும் ஆமோதித்துவிட்டது.

எழுத்துப்படியில் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும். அவர் தமிழில் என்ன சொன்னார் என்பது அதில் வராது. ஆனால் எனக்குப் படிக்கும்போதே காதில் கேட்டது. "அண்ணா" என்றிருப்பார். பெரியம்மா மகனை வேறு என்னவென்று கூப்பிடுவோம்? அடுத்த கேள்விக்கு "கூடப்பிறந்த அண்ணா இல்லை" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும். அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய வக்கீலுக்குத் தமிழ் தெரியாது.

நான் காதில் கேட்டதெல்லாம் சாட்சியம் ஆகாது. அதனால் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினேன். ஊரிலிருந்து வந்த கடிதங்களில், நீல மை பரவிப்போன ஒரு கோடு போட்ட தாள். ஓர் அம்மா எழுதியது: "என் மகனைப் பிடித்துக்கொண்டுபோய் மூன்றாம் நாள் என் தங்கச்சியின் மகனைத் தேடி வந்தார்கள்." கையோடு சான்றிட்ட மொழிபெயர்ப்பும் இருந்தது. மனுதாரரின் தாய்க்கு அக்கா. போனது அவர் மகன். முரண்பாடு என்று சொன்னதற்கு விடை அந்த ஒரே வரியில். நீதிபதியும் வாரியமும் அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலின் பிரீஃபிலும் அது இல்லை.

இப்போது நான் என்ன செய்வது? எதிர்த்தரப்பு எழுப்பாத வாதம் அவர்களுக்குப் போனது போனதுதான் என்று சட்டம் தெளிவாக இருக்கிறது. கடிதத்தைப் பற்றி ஒரு வரி எழுதாமலே ஜெயித்திருக்கலாம். இரண்டு பக்கக் குறிப்பு எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். பிரீஃபுக்கு 11 நாள் பாக்கி இருந்தது. அவர் கடிதத்தின் மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்தார். "அவர்கள் இதை எழுப்பவில்லையே?" என்றார். "நாம் பார்த்துவிட்டோம்" என்றேன். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரிமாண்ட் ஆனது. அப்புறம் அந்தப் பையனுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்பிய கேஸ் நம் மேசைக்குத் திரும்பி வருவதில்லை.

அந்த மேலதிகாரி இல்லையென்றால் என் குறிப்பு குப்பைக்குப் போயிருக்கும். நீங்கள் கேட்ட மனச்சாட்சிக் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 1997இல் மேல்முறையீட்டு வாரியமே ஒரு தீர்ப்பில் எழுதியது: நீதி நடக்கும்போதுதான் அரசு ஜெயிக்கிறது; என்ன விலை கொடுத்தாவது ஆளை வெளியேற்றுவது மட்டுமே அரசின் கடமை ஆகாது. அந்த வரியைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த வக்கீல்களோடு நான் வேலை பார்த்தேன். நம்பித்தான் ஒட்டியிருந்தார்கள்.

சுத்த மனத்தோடு அரசுக்காக ஜெயித்த கேஸ்களும் ஏராளம். 2012 டிசம்பரில் நியூயார்க்கில் வக்கீல்கள் உட்படப் பலரைக் கைது செய்தார்கள். சீனத்திலிருந்து வந்தவர்களுக்குப் பொய்யான அசைலம் கதைகளை எழுதி விற்ற வழக்கு அது. வெவ்வேறு ஆட்களின் பிரமாணப் பத்திரங்களில் ஒரே பத்தி எழுத்துக்கு எழுத்து வருவதை நானும் கண்டிருக்கிறேன். அப்படி ஒரு பொய் ஜெயித்தால், அடுத்து உண்மையைச் சொல்லி வருபவரைத்தான் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குக் காவல் நிற்பதும் இந்த மேசையின் வேலைதான்.

ஆனால் மனத்தைக் கரைப்பது இந்த இரண்டு வகையும் அல்ல. ஆள் நல்லவர், சொல்வதும் உண்மை, சட்டம் மட்டும் இடம் கொடுக்காது. வந்து ஓர் ஆண்டுக்குள் அசைலம் கேட்கவில்லை. வழக்கை மறுபடி திறக்க 90 நாள், அது 94ஆம் நாள் வந்தது. முன்னால் பார்த்த வக்கீல் ஏமாற்றிவிட்டார். இமிக்ரேஷன் கோர்ட்டில் காசில்லாதவருக்கு அரசு வக்கீல் வைத்துத் தராது, குழந்தையாக இருந்தாலும் தராது. நீங்கள் எழுதுவது சட்டப்படி சரி. நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளும். இரண்டு மாதத்தில் ஒருவரின் அப்பா விமானம் ஏறியிருப்பார். இது வாரா வாரம் நடக்கும். தாங்க முடியுமா என்று வேறு யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது.

நம்மவர் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, கல்லூரியில் படித்திருப்பீர்கள். துரைசிங்கம் வழக்கு. இலங்கைத் தமிழர். 2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 கெஜத்தில் பிடிபட்டார். தன்னைக் கடத்தி அடித்தார்கள் என்றார். அதிகாரி அதை நம்பினார். ஆனால் அடித்தவர்கள் யார், எதற்காக என்று அவரால் சொல்ல முடியவில்லை என்பதால் முதல்கட்ட நேர்காணலிலேயே கேஸ் முடிந்தது. தூக்கிக்கொண்டு போகிறவன் பெயரும் ஊரும் சொல்லிவிட்டா போவான் என்று நம் வீடுகளில் கேட்போம். சான் பிரான்சிஸ்கோவின் ஒன்பதாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அரசுக்குச் சாதகமாகத் திருப்பியது. அப்படிப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு மூலம் நீதிமன்றத்துக்கு வரும் வழி அதோடு பெரும்பாலும் அடைபட்டது. நீங்கள் சேர்ந்தால் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி எழுத வேண்டிவரும். உங்கள் அப்பா அந்த பிரீஃபைப் படிப்பார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உண்மை பேசுவது. இந்த வேலையில் நீதிபதிகள் அரசு வக்கீலின் வாயை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறினால் விலை பெரியது. 2003இல் டெமோர் வழக்கில், மேல்முறையீடு செய்பவர்கள் சுமார் ஐந்து மாதம்தான் காவலில் இருக்கிறார்கள் என்று அரசு தந்த கணக்கை வைத்து உச்ச நீதிமன்றம் ஜாமீன் விசாரணை இல்லாத காவலைச் சரி என்றது. 2016இல் அரசே கடிதம் எழுதி, கணக்கு தப்பு, சரியான சராசரி 382 நாள் என்றது. பதிமூன்று ஆண்டு கழித்து. 2009இல் நிக்கென் வழக்கிலும் இதே கதை. வெளியேற்றப்பட்ட பிறகு ஜெயித்தவர்களைத் திரும்ப அழைத்துவர ஏற்பாடு இருக்கிறது என்று அரசுத் தரப்பு சொன்னது. அப்படி முறையான ஏற்பாடு இருக்கவில்லை என்று 2012இல் கடிதம் எழுதித் திருத்தியது. இவற்றைத் திருத்தியவர்களும் அரசு வக்கீல்கள்தான் என்பதால்தான் அந்த இடத்தின்மேல் எனக்கு மதிப்பு இருந்தது.

2025 ஏப்ரலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். திருப்பி அனுப்பக்கூடாது என்று 2019இலேயே உத்தரவு பெற்றிருந்த அப்ரேகோ கார்சியா அதற்கு முந்தைய மாதம் எல் சால்வடோருக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவரை அனுப்பியிருக்கக் கூடாது என்று எரெஸ் ரூவேனி என்ற மூத்த அரசு வக்கீல் நீதிபதியிடம் ஒப்புக்கொண்டார். கிட்டத்தட்ட 15 ஆண்டு அனுபவம் உள்ளவர், உங்களுக்கு வேலை வந்திருக்கும் அதே பிரிவு. மறுநாளே விடுப்பில் அனுப்பப்பட்டார், சில நாளில் வேலையும் போனது. அவர் செய்தது நான் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குப் போவது துரோகம் ஆகாது. ஆனால் முதல் வேலையாக, இப்போது, போக வேண்டாம். நான் சேர்ந்தபோது என் முதுகுக்குப் பின்னால் "இல்லை" என்று சொல்லத் தெரிந்த மேலதிகாரிகள் இருந்தார்கள். 15 ஆண்டு ஆனவருக்கே இடம் இல்லையென்றால், ஆறு மாத வக்கீலின் இரண்டு பக்கக் குறிப்பை யார் படிப்பார்கள்? பிரீஃபின் கீழே இருப்பது உங்கள் பெயர். லைசென்ஸ் உங்களுடையது. அரசு வக்கீலும் மாநிலத்தின் வக்கீல் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்தான் என்று 1998இலேயே சட்டம் வந்துவிட்டது. மேலே இருந்து சொன்னார்கள் என்பதை அங்கே யாரும் ஒரு பதிலாக ஏற்கமாட்டார்கள்.

ஓரிரண்டு ஆண்டு வேறு இடத்தில் நில்லுங்கள். பிலடெல்ஃபியாவில் மூன்றாம் சர்க்யூட் உங்கள் வீட்டுப் பக்கம்தான். அங்கே நீதிபதிக்குச் சட்ட ஆய்வில் உதவும் கிளார்க்காகவோ, நீதிமன்றத்தின் ஸ்டாஃப் அட்டர்னியாகவோ இருந்தால் இரு தரப்பு பிரீஃப்களும் உங்கள் மேசைக்கு வரும். எந்த அரசு வக்கீலின் சொல்லை நீதிபதி அப்படியே நம்புகிறார், யாருடையதைத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார் என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும். அதைவிடவும் நல்லது என்று நான் நினைப்பது, நியூயார்க்கில் காவலில் இருப்பவர்களுக்கு 2013 முதல் இலவசமாக வாதாடும் திட்டங்களில் சேர்வது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவரிடம் 40 நிமிஷத்தில் அவர் வாழ்க்கையைக் கேட்டு வாங்கிப் பழகியவர், பிறகு அரசுக்காக எழுதும்போது தொகுப்பில் எது விட்டுப்போயிருக்கும் என்று தெரிந்து படிப்பார். சம்பளம் எங்கே போனாலும் பெரிய தனியார் சட்ட நிறுவனத்தில் கிடைப்பதில் பாதிகூட வராது. படிப்புக் கடனுக்குப் பொதுச்சேவைத் தள்ளுபடி இருக்கிறது. 120 தவணை கட்டி முடித்தால் மீதி போய்விடும். தகுதியுள்ள இலாபநோக்கற்ற அமைப்பில் செய்யும் வேலையும் அந்தக் கணக்கில் சேரும்.

அப்படியும் இப்போதே போவது என்று முடிவெடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் பிரிவில் ஒருவரிடம் பேசக் கேளுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடந்த ஆறு மாதத்தில் உங்கள் குழுவில் யாராவது ரிமாண்ட் கேட்டு எழுதினார்களா, யார் முடிவெடுத்தார், எத்தனை நாளில்? பதில் சொல்லத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

தமிழர் வழக்கு வந்தால்? உறவினர், தெரிந்தவர், அப்பாவின் கேஸோடு தொடர்புள்ளவர் என்றால் அன்றைக்கே எழுத்தில் சொல்லி விலகிவிடுங்கள். மற்றபடி விலக வேண்டாம். "பெரியப்பா" என்பதை மாமா, சித்தப்பா எல்லோருக்கும் சேர்த்து ஒரே சொல்லில் மொழிபெயர்த்திருப்பது கண்ணில் படக்கூடிய வக்கீல் அந்தக் கட்டடத்தில் ஒருவராவது இருக்கட்டும். ஆனால் உங்கள் தமிழை வைத்து நீங்களே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடாதீர்கள். வக்கீலே சாட்சியாகிவிடும் சிக்கல் வரும். பிழை தெரிந்தால் மேலதிகாரிக்கு எழுதுங்கள், விடையைத் தொகுப்புக்குள் தேடுங்கள்.

பின்னணி விசாரணைப் படிவம் ஒன்று வரும், இன்று போனாலும் ஐந்து ஆண்டு கழித்துப் போனாலும். பெற்றோர் பிறந்த இடம், குடியுரிமைச் சான்றிதழ் விவரம், வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் எல்லாம் கேட்பார்கள். எதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்பா அசைலம் வாங்கியவர் என்பது உங்களுக்குக் குறை ஆகாது. தேதிகள் பிசகக்கூடாது, அவ்வளவுதான். அதனால் அந்தப் படிவத்தை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரப்புங்கள். அவருக்குத்தான் எல்லாத் தேதியும் நினைவிருக்கும்.